விழுந்த பல்லின் கணக்கு

பெரியப்பாவின் ஈறுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளந்தபடி டாக்டர் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். பக்கத்தில் நின்ற பெண் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டாள். மூணு, ரெண்டு, மூணு. அஞ்சு, ஆறு, அஞ்சு. ஏழு, ஆறு, எட்டு. திருவல்லிக்கேணி பெரிய தெருவை ஒட்டிய சந்தில், மாடிப்படி ஏறிப் போகும் சின்ன கிளினிக் அது. கீழே காய்கறிக்காரரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

“கீழ் முன்பல்லு ரெண்டு ஆடுது சார். கடவாய்ப் பக்கம் எட்டு மில்லிமீட்டர் வரைக்கும் பை இறங்கியிருக்கு. மொதல்ல கிளீனிங் பண்ணிட்டு ஒரு ஆறு வாரம் கழிச்சுப் பாப்போம். குறையலன்னா அந்த இடத்துல மட்டும் ஃபிளாப் சர்ஜரி பண்ணணும்.”

பெரியப்பா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “வயசானா பல்லு விழறதுதானே டாக்டர். எங்கப்பாவுக்கு அம்பது வயசுல ஒண்ணுகூட இல்ல. அதுக்குப் போயி ஆபரேஷனா?”

“வயசுனால விழறதில்ல சார். ஸ்ரீலங்காவுல தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்ச தமிழ் ஆளுங்க வாயைப் பாத்துத்தான் அது தெளிவா தெரிஞ்சுது. நாங்க காலேஜ்ல படிச்ச பாடம் அது.”

பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம். தாத்தாவின் சித்தப்பா ஒருவர் கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பி வரவேயில்லை. எழுபதுகளில் பெரியப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு வந்து சேர்ந்த மாதிரி, அதற்கு இரண்டு தலைமுறை முன்னால் அவர் கப்பலேறியிருக்கிறார். வீட்டில் அவரைப் பற்றி இவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு ராத்திரியே தேட ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னது உண்மை. ஈறு நோய் எப்படி வளர்கிறது, யாருக்குக் கத்தி தேவை என்று உலகம் முழுக்க இன்று சொல்லிக்கொடுக்கும் பாடத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று மலையகத் தமிழர்களின் வாயிலிருந்து எழுதப்பட்டது. அந்த அத்தியாயம் எப்படி எழுதப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு சிறிய இடுக்கு உண்டு. நல்ல ஈறாக இருந்தால் அதன் ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். அங்கே தங்கும் கிருமிப் படலத்தைத் தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் உப்பு சேர்ந்து அது காரையாக இறுகும். ஈறு சிவந்து வீங்கும், பல் துலக்கும்போது ரத்தம் வரும். இதுவரைக்கும் வந்தது திரும்பிப் போகக்கூடிய நோய். அடுத்த கட்டத்தில் பல்லை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்கள் அறுந்து, எலும்பு கரையத் தொடங்குகிறது. எலும்பைக் கிருமி நேராகத் தின்பதில்லை. கிருமியோடு ஓயாமல் சண்டை போடும் நம் உடம்பே அந்தச் சண்டையில் தன் எலும்பைக் கரைத்துக்கொள்கிறது. இடுக்கு ஆழமாகிப் பையாகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. பல் ஆடும்போதுதான் ஆளுக்கே தெரியவரும்.

நம் பாட்டிமார் இதற்கு ‘பயோரியா’ என்று ஒரே பெயர் வைத்திருந்தார்கள். சீழ் ஒழுகுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பல்பொடி விளம்பரங்கள் வழியாக வீட்டுத் தமிழாகவே ஆகிவிட்டது.

பை ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினால், வெளியிலிருந்து சுரண்டும் கருவி அதன் அடிவரைக்கும் போவது கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை மட்டும் வேலை செய்கிறது. ஃபிளாப் சர்ஜரி இந்தச் சிக்கலுக்கான பதில். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறின் ஓரத்தில் கீறி, ஒரு உறையைத் திறப்பது போல ஈறை எலும்பிலிருந்து விலக்குவார்கள். இப்போது வேர் கண்ணுக்குத் தெரியும். அதில் ஒட்டியிருக்கும் காரையையும் அழற்சியில் வளர்ந்த சதையையும் எடுத்துவிட்டு, ஈறைத் திரும்ப மூடித் தைப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தையல் பிரிப்பார்கள். வீக்கம் வடிந்த ஈறு கொஞ்சம் இறங்கி நிற்கும், பல் நீளமாகத் தெரியும், சில்லென்ற தண்ணீர் பட்டால் கூசும். போன எலும்பு பெரும்பாலும் முழுதாகத் திரும்பாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

*

இந்த இடத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1728இல் பாரிஸில் பியேர் ஃபோஷார் எழுதிய பல் மருத்துவ நூலிலேயே காரையைச் சுரண்டும் கருவிகள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜான் ரிக்ஸ், சுரண்டிச் சுத்தம் செய்தாலே போதும் என்று வாதாடினார். நோய்க்கே அவர் பெயரை வைத்துக் கூப்பிட்டார்கள். அதே காலத்தில் வியன்னாவில் ராபிசெக், நோய்ப்பட்ட ஈறை வெட்டியே எறிந்துவிடும் முறையைக் கையாண்டார். ஈறுக்கு அடியில் இருக்கும் எலும்பும் அழுகிப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துச் செதுக்கி எடுக்க வேண்டும் என்பது அந்தக் கால நம்பிக்கை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோவோகெயின் ஊசி வந்ததும் வாய்க்குள் நிதானமாக வேலை செய்ய வழி பிறந்தது. பெர்லினில் நாய்மன், சுவீடனில் லியோனார்ட் விட்மன் என்று சிலர் ஈறை வெட்டி எறியாமல் திறந்து மூடத் தொடங்கினார்கள். விட்மனின் கட்டுரை 1918இல் வந்தது. இன்றைய ஃபிளாப் முறைகளில் பலவற்றுக்கு முன்னோடி அதுதான்.

ஆனால் அதே ஆண்டுகளில் காற்று வேறு பக்கம் வீசியது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மாண்ட்ரியலில் பேசிய பேச்சு ஒன்று பெரிய அலையை உண்டாக்கியது. வாயில் இருக்கும் சீழ்தான் உடம்பின் பல நோய்களுக்கு ஊற்று என்றார். அதன் பிறகு மூட்டு வலி, ரத்தசோகை, மனச்சோர்வு எதற்கும் பல்லைப் பிடுங்குவது மருத்துவமானது. 1914 வாக்கில் ஈறு நோய்க்குக் காரணம் அமீபா என்று நம்பி, சீதபேதிக்குப் போடும் எமெட்டின் மருந்தை இதற்கும் போட்டுப் பார்த்தார்கள். எலும்பு அழுகவில்லை என்பதை க்ரான்ஃபெல்ட் நுண்ணோக்கியில் காட்டியது 1935இல். அதுவரை செதுக்கி எறியப்பட்ட எலும்பில் எவ்வளவோ நல்ல எலும்பு.

இதெல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும். சென்னையில் அப்போது பல் வைத்தியம் என்றால் பிடுங்குவதும் செட் கட்டுவதும்தான். முப்பதுகளையொட்டி இங்கே வந்து குடியேறிய சீனக் குடும்பங்கள் நடத்திய பல் கிளினிக்குகள் அந்தக் கைவேலைக்குப் பேர்போனவை. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் 1920இல் தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948இல் வந்தபோது, பட்டமில்லாமல் தொழில் செய்துவந்தவர்களுக்குப் பதிவேட்டில் தனிப் பிரிவே ஒதுக்க வேண்டியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953இல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஈறு நோய் கண்ட ஒரு சாதாரண ஆளுக்கு வேப்பங்குச்சி, உப்பு, கரி, பல்பொடி. கடைசியில் கொறடு. ‘வயசானா விழும்’ என்று பெரியப்பா சொன்னது அந்த அனுபவத்தின் சாரம். தன் கண் முன்னால் எல்லோருக்கும் விழுந்ததைப் பார்த்தவர் வேறு என்ன நினைப்பார்?

அறுபதுகள் வரைக்கும் பல பல் மருத்துவர்கள் நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். ஈறில் ரத்தம் வந்தால் எலும்பு கரையும், எலும்பு கரைந்தால் பல் போகும், எல்லோருக்கும் இதே பாதை, கொஞ்சம் முன்னே பின்னே. அப்படியானால் எல்லோருக்கும் கத்தி எடுக்கலாம், அல்லது யாருக்குமே எடுக்காமல் விடலாம். எது சரி என்று சொல்ல ஒரு விஷயம் தெரிய வேண்டும்: எந்தச் சிகிச்சையும் செய்யாமல் விட்டால் இந்த நோய் யாரிடம், எவ்வளவு வேகத்தில் போகிறது?

*

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஹெரால்ட் லோ, நார்வேக்காரர். அதற்கு முன்பே ஒரு சோதனையால் பேர் வாங்கியவர். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். பெரும்பாலானவர்கள் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் கிருமிப் படலம்தான், மருந்து பிரஷ்தான் என்று அந்தச் சின்னச் சோதனை நிரூபித்தது.

மூன்று வாரத்தில் ஈறு வீங்குவதைப் பார்க்கலாம், எலும்பு கரைவதைப் பார்க்க முடியாது. அதற்குப் பல வருஷம் வேண்டும். பல வருஷம் பல் துலக்காதே என்று எந்த மாணவனையும் கேட்க முடியாது. ஆகவே ஏற்கெனவே அப்படி வாழ்கிற மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

லோவும் அவருடைய குழுவும் இரண்டு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1969இல் ஆஸ்லோவில் 565 ஆண்கள், மாணவர்களும் கல்வியாளர்களும். சின்ன வயதிலிருந்தே பல் மருத்துவம் பார்த்து வளர்ந்தவர்கள். 1970இல் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்கள், தமிழர்கள். பல் மருத்துவரையே பார்க்காதவர்கள், பிரஷ் பிடிக்காதவர்கள். இன்னொரு வசதியும் இருந்தது. அவர்களுக்குச் சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே ஒரு பல் விழுந்தால் அது ஈறு நோயால்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

1970, 71, 73, 77, 82, 85. ஆறு முறை அளந்தார்கள். அதே மாதிரிக் கம்பி, அதே மில்லிமீட்டர்.

1978இல் வெளியான முதல் முடிவுகளில் இரண்டு கூட்டத்துக்கும் உள்ள தூரம் தெரிந்தது. நாற்பது வயதை நெருங்கும்போது ஆஸ்லோக்காரருக்குப் பல்லின் பிடிமானம் சராசரியாக 1.5 மில்லிமீட்டர் சுமார் குறைந்திருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு 4.5. வயது ஒன்றுதான், வாய் வேறு.

1986இல் வந்த கட்டுரைதான் பாடப் புத்தகங்களுக்குள் போனது. அதில் ஆஸ்லோ இல்லை, தொழிலாளர்கள் மட்டும். எல்லோர் பல்லிலும் காரை அப்பியிருந்தது, எல்லோர் ஈறும் வீங்கியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கதி நேரவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வெறிகொண்டு ஓடியது. 35 வயதில் பிடிமானம் 9 மில்லிமீட்டர் போயிருந்தது. ஒரு பல்லின் வேரே ஏறக்குறைய 13, 14 மில்லிமீட்டர்தான். அவர்களுக்கு 35இல் 12 பல், 40இல் 20 பல், 45இல் எல்லாப் பல்லும் போயிருந்தன. சுமார் 81 சதவீதம் பேருக்கு நோய் நிதானமாக நகர்ந்தது. 45 வயதில் 7 பல் போயிருந்தது. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, பல் போகவே இல்லை.

அதே லயம், அதே சோறு, அதே வேலை, அதே துலக்காத பல். ஒருவனுக்கு எல்லாம் போகிறது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்றும் ஆவதில்லை. வயதோ அழுக்கோ மட்டும் விடையாக இருக்க முடியாது, ஆளின் உடம்பும் இதில் பேசுகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டியது. யாருக்கு வேகமாகப் போகிறது என்று முதலிலேயே கண்டுபிடி, அந்த இடத்தைக் கவனி, எல்லோர் மேலும் கத்தியை வைக்காதே என்ற இன்றைய அணுகுமுறைக்கு இது பெரிய ஆதாரமானது.

கத்தி பற்றிய கேள்விக்கு அதே காலத்தில் சுவீடனில் விடை தேடினார்கள். கோத்தன்பர்க்கில் நீமன், லிண்டே குழுவினர் 1977இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: அறுவை செய்துவிட்டு வாயை அழுக்காகவே விட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. 1982இல் ஆழக் கணக்கு ஒன்றும் வந்தது. சுமார் 4.2 மில்லிமீட்டருக்குக் குறைவான பையில் ஃபிளாப் செய்தால் லாபத்தைவிட நஷ்டமே அதிகம், சுரண்டிச் சுத்தம் செய்வது 2.9 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பலன் தரத் தொடங்கும். கிளினிக்கில் அந்தப் பெண் கட்டத்தில் எழுதிக்கொண்ட எண்களுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

*

இதை அறிவியலின் வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஆய்வுத் தொடருக்கு வைத்த பெயர் ‘மனிதரில் ஈறு நோயின் இயற்கை வரலாறு’. மருத்துவத்தில் அது வழக்கமான சொல், சிகிச்சை குறுக்கிடாமல் நோய் போகும் போக்கைக் குறிப்பது. ஆனால் இந்த 480 பேருக்குச் சிகிச்சை இல்லாமல் போனதில் இயற்கையின் பங்கு எதுவும் இல்லை.

காப்பித் தோட்டங்களுக்கும், 1869க்குப் பிறகு இலைநோய் வந்து காப்பி அழிந்ததும் தேயிலைக்கும், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன மக்கள் இவர்கள். லயத்தில் ஒரு அறையும் அரை வயிற்றுச் சம்பளமும்தான் கிடைத்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது, அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஆள் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஓட்டு இல்லாதவன் வாயைப் பற்றி எந்த அரசாங்கம் கவலைப்படும்? பல் டாக்டர் தோட்டத்துக்கு வராமல் போனதன் வரலாறு இது.

அளந்த ஆண்டுகளை இன்னொரு முறை பாருங்கள். 1973ஐ அடுத்து தோட்டங்களில் கடும் உணவுத் தட்டுப்பாடு வந்தது. 1977இலும் 1983இலும் கலவரம். 1984 வரைக்கும் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டே இருந்தது. 1970இல் 480 பேராக இருந்தவர்களில் 1985இல் அளக்கக் கிடைத்தவர்கள் 161. ஆய்வுக் கட்டுரையில் அது ஒரு கழித்தல் கணக்கு.

ஆய்வாளர்கள்மேல் பழி போடுவதும் சுலபம். அந்த இல்லாமையை அவர்கள் உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை அளந்தார்கள். அளந்ததால் உலகத்தில் எத்தனையோ பேரின் பல் தப்பித்தது, பெரியப்பாவுடையது உட்பட. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பிரஷ் போதும் என்று 1965இல் உலகத்துக்குச் சொன்னவர், 1970இல் பிரஷ் இல்லாத வாய்களைத் தேடிப் போய்ப் பதினைந்து வருஷம் எண்ணினார். அந்த வாய்கள் அப்படியே இருக்கும் வரைதான் கணக்கு செல்லும். மனிதர்கள்மேல் செய்யும் ஆய்வுக்கு நெறிகள் வகுத்த ஹெல்சின்கி பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது. சிகிச்சை தராமல் கறுப்பின மக்களின் நோயை எண்ணிக்கொண்டிருந்த அமெரிக்காவின் டஸ்கிகி ஆய்வு 1972இல் அம்பலமானது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே ஏமாற்று இருந்தது, மரணம் இருந்தது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: தடுக்கக் கூடிய ஒன்றைத் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு காலம் அனுமதி உண்டு?

கதை 1985இல் முடியவில்லை. 2010இல் வேறொரு குழு போய்த் தேடியபோது அந்த 480 பேரில் 75 பேரைத் திரும்ப அளக்க முடிந்தது. 2017இல் வந்த அந்தக் கட்டுரை, நாற்பது வருஷத்துக் கணக்கை வைத்து, புகையும் காரையும் நோயைத் தொடங்கிவைக்கின்றன என்று சொன்னது. இடையில் 2003இல் ஒரு சட்டம் மலையகத்தில் மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. ஆய்வு தொடங்கியபோது பதினைந்து வயதாக இருந்தவருக்கு அப்போது நாற்பத்தெட்டு.

*

ஆறு வாரம் கழித்துப் போனோம். பெரும்பாலான இடங்களில் எண் குறைந்திருந்தது. எட்டு ஐந்தாகியிருந்தது, ஆறு மூன்றாகியிருந்தது. வலது கீழ்க் கடவாயில் மட்டும் ஏழு அப்படியே நின்றது. அந்த மூன்று பல்லுக்கு மட்டும் ஃபிளாப் செய்தார்கள். ஒரு மணி நேரம். ரோஸ் நிறத்தில் ஒரு கட்டு வைத்து அனுப்பினார்கள்.

அன்று மாலை பால் கஞ்சியை ஆற ஆறக் குடித்துக்கொண்டிருந்தவரிடம் நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பீடியை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று என்ற கணக்கைக் கேட்டுவிட்டு, “அப்ப நானு எம்பத்தொண்ணுல ஒருத்தன்” என்றார், வாயைத் திறக்காமலே. சித்தப்பாத் தாத்தாவின் பிள்ளைகள் யாராவது அந்தத் தோட்டத்தில் இருந்திருப்பார்களா என்று கேட்டார். மலையில் எத்தனையோ தோட்டம், சொல்ல முடியாது என்றேன்.

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு தடவ போய் அளந்தானுங்களே, ஒரு தடவயாவது ஆளுக்கொரு பிரஷ்ஷு குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

குடுத்திருந்தா கணக்கு தப்பிப்போயிருக்கும் பெரியப்பா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தையல் இருக்கும் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு, மறுபக்கம் வழியாக மெதுவாகக் குடித்தார்.